நாயோ கீரியோ கடித்த கோழியைப் பிழைக்க வைப்பது எப்படி?

கையில் அடிபட்ட கோழியோடு இதைப் படிக்கிறீர்கள் என்றால், முதலில் மூன்று காரியங்களை முடித்துவிட்டு வாருங்கள். ரத்தம் சொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். நின்றதும் கோழியைப் பழைய துண்டில் தளர்வாகச் சுற்றி, காற்றுப் போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். பெட்டியை வீட்டுக்குள்ளே நாயும் பிள்ளைகளும் மற்ற கோழிகளும் அண்டாத இருட்டு மூலைக்குக் கொண்டு போங்கள். சரி, இப்போது உட்கார்ந்து படிக்கலாம்.

எங்கள் வீட்டில் பதினைந்து இருபது சிறுவிடை நாட்டுக்கோழிகள் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். நாய் கடித்த முதல் கோழியை என் அறியாமையால்தான் சாகக் கொடுத்தேன். முதுகில் இருந்த பெரிய காயத்தில் மஞ்சளை அப்பி, பெருமையாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை செத்துக் கிடந்தது. இறக்கையைத் தூக்கிப் பார்த்தால் விலாவில் மிளகு அளவில் இரண்டு ஓட்டைகள், உள்ளே கொசகொசவென்று புழு. முதுகுக் காயமோ நன்றாகக் காய்ந்திருந்தது.

அடுத்த வருஷம் இன்னொரு பெட்டைக்கு முதுகிலிருந்து வால் வரை உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சதை தெரிந்தது. அப்பத்தா பார்த்துவிட்டு, "இது தேறாதுடா, அறுத்துக் கொழம்பு வச்சிரு" என்றார். அந்தப் பெட்டை பிழைத்துக்கொண்டது. கண்ணை உறுத்துகிற பெரிய காயத்தை விட, இறகுக்கு அடியில் ஒளிந்திருக்கும் சின்னப் பல் ஓட்டைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்று இந்த இரண்டு கோழிகளும்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தன.

முதல் ஒரு மணி நேரம்

ஒன்றரைக் கிலோ கோழியின் உடம்பில் மொத்தமே ஏறக்குறைய 100 மில்லி ரத்தம்தான். டீக்கடை கிளாஸ் ஒன்று நிறையும், அவ்வளவே. அதனால் ரத்தத்தை நிறுத்துவதுதான் முதல் வேலை. துணியை வைத்து அழுத்தினால் ஐந்து நிமிடமாவது எடுக்காதீர்கள். "நின்றுவிட்டதா" என்று நிமிடத்துக்கு ஒரு தடவை தூக்கிப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி ஒழுகும். நகம் பிய்ந்தது, கொண்டை கிழிந்தது போன்ற மேல் காயங்களில் சோள மாவையோ மைதாவையோ வைத்து அழுத்தலாம். ஆழமான காயத்துக்குள் எந்தத் தூளும் போக வேண்டாம். காப்பித்தூள், சுண்ணாம்பு, மூக்குப்பொடி எல்லாம் பக்கத்து வீட்டிலிருந்து அன்போடு வரும். நன்றி சொல்லி வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள்.

பிடிக்கும் முறையும் முக்கியம். கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் மூச்சுத் தசை, கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போய் வரும். ஓடிவிடுமோ என்று நெஞ்சைச் சேர்த்து இறுக்கினால் மூச்சு முட்டியே செத்துவிடும். இறக்கைகளை உடம்போடு அணைத்து, கால்களைக் கீழிருந்து தாங்கி, தலை மேல் மெல்லிய துணி ஒன்றைப் போடுங்கள். கண் மறைந்ததும் பாதிப் படபடப்பு அடங்கும்.

கோழியின் உடம்புச் சூடு இயல்பாகவே 41 டிகிரிக்கு மேல் இருக்கும். கை வைத்தால் காய்ச்சல் போலச் சுடுவது அதற்கு நல்ல நிலைமை. கால்கள் சில்லிட்டு, கொண்டை வெளுத்து, கண்ணைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதிர்ச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். மார்கழி, தை மாதக் குளிரிலோ மழையில் நனைந்திருந்தாலோ பெட்டியின் ஒரு மூலைக்கு மட்டும் சூடு படும்படி 40 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தள்ளித் தொங்க விடுங்கள். துணியோ அட்டையோ பல்பைத் தொடக் கூடாது. வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்தாலும் போதும். வேண்டுமென்றால் நெருங்கட்டும், வேண்டாமென்றால் விலகட்டும், அதற்கு இடம் இருக்க வேண்டும். வாயைத் திறந்து மூச்சிரைத்தால் சூடு அதிகம். சித்திரை வெயிலில் பல்பே வேண்டாம், நிழல் போதும்.

தண்ணீர் கொடுக்கிறேன் என்று வாயைப் பிளந்து ஊற்றிவிடாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்கு தொடங்கும் இடத்திலேயே திறந்திருக்கும். ஊற்றியது நுரையீரலுக்குப் போய்விடும். கோழி தலையைத் தானாகத் தூக்கி வைத்திருந்தால் மட்டும், அலகின் ஓரத்தில் விரலால் ஒரு சொட்டு வையுங்கள். விழுங்கினால் அடுத்த சொட்டு. மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவில் கலக்கி வைத்துக்கொண்டால் நல்லது. 24 மணி நேரத்துக்கு மேல் அந்தத் தண்ணீரை வைக்க வேண்டாம். தீனிக்கு இப்போது அவசரமே இல்லை.

அப்புறம் ஒரு மணி நேரம் பெட்டியைத் திறக்காதீர்கள். புதிதாக வளர்ப்பவர்களுக்கு இதுதான் சிரமம். பாவமாக இருக்கிறதே என்று தடவிக்கொண்டே இருப்போம். நமக்கு ஆறுதல், அதற்கு இன்னொரு நாய் வந்து முகர்வது மாதிரி. ரத்தம் நிற்காமல் வந்தாலோ மூச்சுத் திணறினாலோ மட்டும் காத்திருக்காமல் அப்படியே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

ஓட்டையைத் தேடுவது

கடித்தது எதுவென்று தெரிந்தால் எங்கே தேட வேண்டும் என்பதும் ஓரளவு தெரியும். நாய் பெரும்பாலும் முதுகையும் வாலையும் கவ்வி உதறும். தோல் பெரிதாக உரிந்திருக்கும், உள்ளே சதையும் நசுங்கியிருக்கும். கீரியும் மரநாயும் கழுத்தையும் தலையையும் பிடிக்கும், ஓட்டைகள் சின்னதாக இருக்கும். பருந்து அடித்திருந்தால் முதுகின் இரண்டு பக்கமும் நகக் குத்துகளைப் பாருங்கள். பூனை கடித்ததைத்தான் பலரும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும். ஆனால் பூனை வாயில் இருக்கும் பாஸ்சுரெல்லா என்ற கிருமி பறவையின் ரத்தத்தில் கலந்தால் ஒன்றிரண்டு நாளில் கோழியை முடித்துவிடும். பூனையோ வெருகோ (காட்டுப்பூனை) கடித்திருந்தால் காயம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

நல்ல வெளிச்சத்தில், மடியில் துண்டு விரித்து, தலையிலிருந்து தொடங்குங்கள். இறகுகளை எதிர்ப்பக்கமாக ஊதினால் தோல் தெரியும். ரத்தம் ஒட்டி முடிச்சாகக் கிடக்கும் இறகுக்கு அடியில் பெரும்பாலும் ஓட்டை இருக்கும். கழுத்தைச் சுற்றி, இரண்டு இறக்கைகளின் அடி, விலா, தொடையின் உள்பக்கம், எச்சம் போகும் இடம், எதையும் விடாதீர்கள். ஒரு பல் குத்தியிருந்தால் எதிர்ப்பக்கம் இன்னொன்று குத்தியிருக்கும், தாடைக்கு இரண்டு பக்கம் உண்டல்லவா? ஒரு ஓட்டையைக் கண்டதும் ஜோடியையும் தேடுங்கள்.

காயத்தைச் சுற்றியுள்ள இறகுகளைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்க வேண்டாம். கோழித் தோல் காகிதம் போல மெல்லியது, இறகோடு சேர்ந்து அதுவும் கிழிந்து வரும். அடியில் நீலமாக ரத்தம் ஓடும் முளை இறகுகளை வெட்டவும் கூடாது, ஒழுக ஆரம்பித்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூச்சு விடும்போது காயத்தில் குமிழ் வருகிறதா? அல்லது தோலைத் தொட்டால் அப்பளத்தை அமுக்கியது போல நறநறவென்று காற்று நகர்கிறதா? கோழிக்கு நுரையீரலோடு சேர்ந்த காற்றுப்பைகள் உடம்பு முழுக்க ஒன்பது இருக்கின்றன. அதில் ஒன்று கிழிந்திருக்கிறது. அந்த ஓட்டைக்குள் தண்ணீர் பீய்ச்சினால் கோழி உள்ளேயே மூழ்கிவிடும். ஈரத்துணியால் மேலாகத் துடைத்து, சுத்தமான துணியை வைத்து, மருத்துவரிடம் ஓடுங்கள்.

கழுவுதல்

மருந்துக்கடையில் நார்மல் சலைன் என்ற உப்புநீர் 500 மில்லி பாட்டிலில் கிடைக்கும். கூடவே ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சலைன் கிடைக்காத ராத்திரியில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, 9 கிராம் உப்புப் போட்டு, வெதுவெதுப்பாக ஆற விடுங்கள். சிரிஞ்சில் எடுத்து, மண்ணும் எச்சிலும் வெளியே வரும்வரை திரும்பத் திரும்பப் பீய்ச்சுங்கள். உண்மையைச் சொன்னால் மருந்தை விட இந்தக் கழுவல்தான் வேலை செய்கிறது. கோழியை முழுதாக நனைத்துவிடாதீர்கள், குளிரில் விறைத்துவிடும்.

கடைசியாகப் பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியை, வெளிறிய டீ நிறம் வரும் அளவுக்குத் தண்ணீர் கலந்து, ஒரு முறை ஊற்றலாம். அப்படியே கெட்டியாக ஊற்றினால் புதுச் சதை வளர்வது கெடும். நுரை பொங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்படித்தான். பொங்குவதைப் பார்க்கத் திருப்தியாக இருக்கும், நல்ல சதையும் சேர்ந்து வெந்துபோகும். பல் குத்திய ஓட்டையைத் தைத்து மூடவோ பிளாஸ்டர் ஒட்டவோ கூடாது. கிருமியை உள்ளே வைத்துப் பூட்டிய மாதிரி ஆகிவிடும்.

கையில் கீறல் இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். கோழியிடமிருந்து வெறிநோய் வரும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அதன் உடம்பில் நாயின் எச்சில் ஈரம் காயாமல் இருக்கும். அது உங்கள் காயத்தில் பட்டுவிட்டதாகத் தோன்றினால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் தடுப்பூசி தேவையா என்று கேட்டுவிடுங்கள். நாயைத் தடுக்கப் போய் நீங்களே கடி வாங்கியிருந்தால் கோழியை விட்டுவிட்டு முதலில் கிளம்புங்கள்.

ஈ

குளிர் நாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் ஈயைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும். நம் ஊரில் பாதிக் கோழிகள் ஈயால்தான் சாகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. ரத்த வாடைக்கு ஈ சில நிமிடங்களில் வந்து சேரும். அரைத்த தேங்காய்ப்பூ போல வெள்ளையாக ஒட்டியிருப்பதெல்லாம் முட்டை. ஒரே நாளில் பொரிந்து புழு உள்ளே இறங்கிவிடும். அதனால்தான் பஞ்சாரத்தில் போட்டுத் திண்ணையில் வைக்காமல் வீட்டுக்குள் கொண்டு போகச் சொன்னேன். பெட்டியோ பஞ்சாரமோ, மேலே கொசுவலையைப் போர்த்தி, ஓரத்தைத் தரையோடு செருகிவிடுங்கள். கீழே வைக்கோல் வேண்டாம், பழைய பருத்தித் துணியோ செய்தித்தாளோ விரித்து, நனைந்தவுடன் மாற்றுங்கள். எச்சம் ஒட்டிய வால் பக்க இறகுகளை வெட்டிவிடுங்கள், ஈ முதலில் உட்காரும் இடம் அதுதான்.

காலையும் மாலையும் டார்ச் அடித்து ஒவ்வொரு ஓட்டையையும் பாருங்கள். புழு இருந்தால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரைப் பீய்ச்சினால் மேலே வரும், இடுக்கியால் எடுத்து ஒரு கிண்ணத்தில் எண்ணிப் போடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் நான்கைந்து கட்டாயம் இருக்கும். ஆழத்தில் இருந்தால் அதற்கு மருத்துவர் மருந்து தருவார். மாட்டுப் புண்ணுக்கு ஊற்றும் டர்பன்டைன், மண்ணெண்ணெய் இரண்டையும் கோழிக்கு நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அந்த மெல்லிய தோலும் நுரையீரலும் தாங்காது.

குப்பைமேனி, வேப்பிலை, மஞ்சள், பூண்டு போட்டுக் காய்ச்சும் எண்ணெய் மாட்டுக்கு நன்றாகக் கேட்கும். கோழிக்கு நான் அதைக் காயத்தின் ஓரத்தில் மட்டும், விரல் நுனியில் தொட்டுத் தடவுவேன். எண்ணெய் இறகில் பரவினால் இறகு ஒட்டிப்போய்க் குளிரைத் தாங்கும் சக்தி போய்விடும்.

தோல் உரிந்த அந்தப் பெட்டைக்கு நான் போட்டது தேன். தேன் காயத்தை ஈரமாக வைத்திருக்கும், கிருமியை வளர விடாது. மேலே மெல்லிய காஸ் துணி, அதன் மேல் பழைய பனியனின் கையை வெட்டிச் சட்டையாக மாட்டிவிட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தூங்கப் போனால், ராத்திரி ஒரு மணிக்குக் கோழி தொண்டை கிழியக் கத்துகிறது. சுவரோரமாக எறும்பு வரிசை பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது! அதிலிருந்து பெட்டியை ஸ்டூல் மேல் வைத்து, ஸ்டூலின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய தேங்காய்ச் சிரட்டைகளில் நிறுத்தினேன். தேன் போடுகிறவர்கள் இந்தச் சிரட்டையை மறக்க வேண்டாம்.

மருத்துவரும் மருந்தும்

ஆழமான குத்து, பூனைக்கடி, எலும்பு முறிவு, ஒரு நாளாகியும் தலை தூக்காமல் இருப்பது, இவற்றுக்குக் கைவைத்தியம் போதாது. அரசு கால்நடை மருந்தகத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸுக்கான இலவச எண் 1962. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அங்கேயே போகலாம். "ஒரு கோழிக்கா வந்தீங்க?" என்று வரிசையில் யாராவது சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும்.

நுண்ணுயிர்க்கொல்லி எது, எத்தனை நாள் என்பதைக் கோழியின் எடையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வீட்டிலேயே எடை போட்டுக்கொண்டு போங்கள். வலிக்குப் பறவைகளுக்கு மெலாக்சிகாம் கொடுப்பது வழக்கம், அதன் அளவையும் அவரிடமே கேளுங்கள். நம் அலமாரியில் கிடக்கும் டைக்ளோஃபினாக் வலி மாத்திரையை மட்டும் தொடாதீர்கள். அந்த மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்றுதான் பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2006இல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. கோழியின் சிறுநீரகத்துக்கும் அது ஆகாது. மருந்து நடக்கும்போது இடும் முட்டையை எத்தனை நாள் கழித்துச் சாப்பிடலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இறக்கை ஒடிந்து தொங்கினால், மடங்கிய நிலையில் உடம்போடு சேர்த்துத் துணிப்பட்டையால் சுற்றுங்கள். நெஞ்சில் ஒரு விரல் நுழையும் தளர்வு வேண்டும். கோழி எலும்பு மூன்று வாரத்துக்குள் பெரும்பாலும் கூடிவிடும். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் நீங்கள் கட்ட முயல வேண்டாம்.

குடல் வெளியே வந்து கிழிந்திருந்தால், இரண்டு காலும் உணர்வே இல்லாமல் பின்னால் நீண்டு கிடந்தால், மூச்சுக்கு மூச்சு வாயைப் பிளந்து திணறிக்கொண்டே இருந்தால், அதை வதைக்காமல் முடித்துவிடுவதுதான் நியாயம். மருத்துவரிடமோ, கை பழகிய ஒருவரிடமோ கொடுங்கள். முதன்முதலாக நீங்களே செய்து பார்க்க இது நேரமில்லை. மருந்து கொடுத்த கோழியைக் கறிக்கு எடுக்கவும் வேண்டாம்.

அடுத்து வரும் நாட்கள்

இரண்டாம் மூன்றாம் நாளில் காயத்தைச் சுற்றித் தோல் பச்சை நிறமாக மாறும். அழுகிவிட்டது என்று பதறி நான் ஒரு தடவை ராத்திரியோடு ராத்திரியாக வண்டியை எடுத்திருக்கிறேன். அது வெறும் கன்றிப்போன இடம். நமக்கு அடிபட்டால் நீலமாகி மஞ்சளாவது போல, கோழிக்குப் பச்சையாகும். அழுகல் என்றால் கறுத்து, சில்லிட்டு, நாறும். மூக்கை வைத்துப் பார்த்தாலே தெரியும்.

சீழும் நமக்கு வருவது மாதிரி ஒழுகாது. அவித்த முட்டையின் மஞ்சள்கரு போலக் கட்டியாகத் திரளும். ஓட்டையின் வாய் மூடியிருந்தாலும் அடியில் கெட்டியாக உருண்டை தட்டுப்பட்டால் சீழ் தங்கியிருக்கிறது, அதை மருத்துவர் கீறி எடுக்க வேண்டும். ஈரமாக, ரோஜா நிறத்தில், பொடிப்பொடியாகச் சதை எழும்புவது நல்ல அடையாளம். அதைத் தேய்த்துக் கழுவாமல் மேலாக நனைத்து விடுங்கள்.

தீனிக்கு முதலில் குழைந்த சோறும், அவித்த முட்டையும், ஊற வைத்த கம்பும். முட்டையைக் கோழிக்கே கொடுப்பதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். தோல் வளரப் புரதம் வேண்டும், தாராளமாகக் கொடுக்கலாம். சாயங்காலம் கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள், நிறைந்திருக்க வேண்டும். விடியும்போது வற்றியிருக்க வேண்டும். விடிந்தும் வற்றாமல் கொழகொழவென்று இருந்தால் செரிக்கவில்லை. எச்சம் தண்ணீராகப் பச்சையாகவே வந்தால் போதுமான தீனி உள்ளே போகவில்லை. முட்டை நின்றுபோகும், அதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாளைக்குப் பின் பகலில் பெட்டியை மற்ற கோழிகளின் சத்தம் கேட்கும் இடத்தில் வைக்கலாம். ஆனால் காயம் முழுதாக மூடும் வரை ஒன்றாக விடாதீர்கள். சிவப்பைக் கண்டால் கூடப் பிறந்ததும் கொத்தும். என் பெட்டைக்குத் தோல் மூட ஐந்து வாரம் ஆனது. பிடுங்கப்பட்ட இறகுகள் சில வாரங்களில் முளைத்தன, நான் வெட்டிய இறகுகள் அடுத்த இறகுதிர்ப்பு வரை குச்சி குச்சியாகவே நின்றன. திரும்பச் சேர்க்கும்போது முதல் இரண்டு நாள் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் வைத்து, மூன்றாம் நாள் பொழுது சாய்ந்து எல்லாம் அடைந்த பிறகு இருட்டில் நடுவில் கொண்டுபோய் வைத்தேன். விடியும் முன்பே எழுந்து போய்ப் பாருங்கள், சண்டை வந்தால் அப்போதுதான் வரும்.

கடித்த விலங்கு மறுநாள் ராத்திரியே திரும்பி வரும். அதனால் கோழிக்கு மருந்து போட்ட கையோடு கூட்டைச் சுற்றி வந்து, உங்கள் இரண்டு விரல் நுழையும் இடைவெளியையெல்லாம் அரை அங்குல வெல்டிங் வலையால் அடைத்துவிடுங்கள். அறுகோணக் கண் வலையை நாய் பல்லாலேயே கிழிக்கும். விஷம் வைக்கலாமா என்று யாராவது கேட்டால், கீரியும் மரநாயும் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை என்று சொல்லுங்கள். அந்தச் சோற்றை முதலில் தின்னப் போவதும் உங்கள் கோழிதான்.

அந்தப் பெட்டை எட்டாவது வாரம் முட்டையிட்டது. புறா முட்டை அளவில், ஓடு சொரசொரப்பாக இருந்தது. அப்பத்தா அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா இம்புட்டுப் பாடு?" என்றார். அடுத்த ஈட்டில் அடைக்கு வைத்த பதினொரு முட்டைகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.